கடைசிப் படியே உயரமான படி

முதலில் ஒரு சிறு புதிர்.

ஒருவர் நாள்தோறும் 20 மில்லிகிராம் அளவுள்ள ஒரு மாத்திரையைச் சில ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார். உடல்நிலை தேறிவிட்டது, இனி மாத்திரையை நிறுத்தலாம் என்று முடிவாகிறது. முதலில் 15 மில்லிகிராம், பிறகு 10, பிறகு 5, பிறகு பூஜ்யம் என்று நான்கு சமமான படிகளில் இறங்குகிறார். இந்த நான்கு படிகளில் உடலுக்கு மிகக் கடினமான படி எது?

"ஒவ்வொரு படியும் 5 மில்லிகிராம்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். "முதல் படிதான் கடினம், பழகியதை விடுவதல்லவா!" என்று சிலர் சொல்லக்கூடும். மனச்சோர்வு நோய்க்காகத் தரப்படும் மருந்துகளைப் பொறுத்தவரை இரண்டு விடையும் சரியல்ல. பெரும்பாலும் கடைசிப் படிதான் கடினமானது. அது ஏன் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய மருத்துவப் படிப்பு வேண்டாம். உங்கள் பள்ளிக் கணக்கே போதும்.

ஒரு மாணவரின் கேள்வி

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்ல. இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்து வந்தவர் என் வகுப்பு மாணவர் ஒருவர். கதிரியக்கத் தனிமங்களின் அரை ஆயுள் பற்றிப் பாடம் நடத்தி முடித்திருந்தேன். மணி அடித்த பிறகு அவர் என்னிடம் வந்து, "சார், மாத்திரைக்கும் அரை ஆயுள் உண்டா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். அவர் தயங்கித் தயங்கித் தன் வீட்டு விஷயத்தைச் சொன்னார். அவருடைய அம்மா மனச்சோர்வுக்காக மூன்று ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வந்தார். நன்றாகத் தேறி, வீட்டு வேலை, தையல் வேலை எல்லாம் முன்போல் செய்துகொண்டிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "இன்னுமா இந்த மாத்திரை? மூளையைக் கெடுத்துவிடும், தூக்கி எறி" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் அன்றே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் தலைசுற்றல், குமட்டல். கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பினால் தலைக்குள் சுரீர் என்று மின்சாரம் பாய்வதுபோல ஓர் உணர்வு. இரவில் தூக்கமில்லை, பகலில் காரணமில்லாத அழுகை, எரிச்சல். "பழைய வியாதி திரும்பிவிட்டது" என்று வீடே கலங்கிப்போயிருந்தது.

நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். "ஐந்து அரை ஆயுள் கழிந்தால் மருந்து அநேகமாகப் போய்விடும். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும்" என்று தேறுதல் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்தும் அந்த அம்மாவுக்குச் சரியாகவில்லை. என் கணக்கு சரி. ஆனால் என் பதில் தவறு. எங்கே தவறினேன் என்று தேடிப் படித்ததன் பயன்தான் இந்தக் கட்டுரை.

மருந்து வந்த கதை

மனச்சோர்வு என்பது வெறும் வருத்தம் அல்ல. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வரும் வருத்தம் சில நாளில் மறைந்துவிடும். மனச்சோர்வு நோயோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் கெடுத்து, எதிலும் நாட்டமில்லாமல் செய்துவிடும்.

இதற்கான முதல் மருந்துகளில் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. 1952ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்ந்து கிடந்த நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகம் அடைந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1956–57இல் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிப்பதைக் கண்டறிந்தார். 1987 இறுதியில் ஃபுளுவாக்ஸிடின் என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அதன் வகையைச் சேர்ந்த ஸெர்ட்ராலின், பராக்ஸிடின், ஸிடாலோபிராம், எஸ்ஸிடாலோபிராம் ஆகியவை இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களால் உட்கொள்ளப்படுகின்றன. பலருக்கு இவை நல்ல பலன் தந்திருக்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது.

இன்னொரு செய்தி. இமிப்ரமினைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு உடல் உபாதைகள் வருகின்றன என்று 1959ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அந்த எச்சரிக்கை முழுமையாகக் காதில் விழ அறுபது ஆண்டுகள் ஆயின!

பம்பும் அடைப்பும்

நம் மூளையில் உள்ள நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. இடையில் மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. ஒரு செல் சொல்லும் செய்தியை அடுத்த செல்லுக்குக் கொண்டுபோகச் சில வேதிப்பொருள்கள் அந்த இடைவெளியில் சுரக்கின்றன. ஸெரடோனின் அவற்றில் ஒன்று. செய்தி போய்ச் சேர்ந்ததும், மிஞ்சிய ஸெரடோனினைச் சுரந்த செல்லே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இதற்காக அதன் சுவரில் ஏராளமான நுண் பம்புகள் உள்ளன. பம்பு என்பது உவமைதான். உண்மையில் அவை புரத மூலக்கூறுகள்.

ஃபுளுவாக்ஸிடின் வகை மருந்துகள் இந்தப் பம்புகளின் வாயில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்கின்றன. அதனால் இடைவெளியில் ஸெரடோனின் கூடுதல் நேரம் தங்குகிறது. 'ஸெரடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம்' என்று முன்பு எளிமையாகச் சொல்லிவந்தார்கள். விஷயம் அவ்வளவு எளிதானதல்ல என்பது இப்போது தெளிவு. ஆனால் மருந்து பம்பை அடைக்கிறது என்பதில் ஐயமில்லை.

அரை ஆயுள் என்ன சொல்கிறது?

இரத்தத்திலுள்ள மருந்தில் பாதி வெளியேற ஆகும் நேரமே அந்த மருந்தின் அரை ஆயுள். பராக்ஸிடினுக்கு அது சராசரியாக 21 மணி. இன்று 20 பங்கு இருந்தால் 21 மணி கழித்து 10 பங்கு. 42 மணியில் 5. 63 மணியில் 2.5; 84 மணியில் 1.25, 105 மணியில் சுமார் 0.6. அதாவது நான்கரை நாளில் அநேகமாக எல்லாம் காலி.

வென்லாஃபாக்ஸின் என்ற மருந்தின் அரை ஆயுள் சுமார் 5 மணிதான். அது உடலில் மாறி உண்டாகும் துணைப்பொருளுக்குச் சுமார் 11 மணி. ஒரு வேளை மாத்திரை தவறினாலே சிலருக்குத் தலைசுற்றுவது இதனால்தான். மாறாக, ஃபுளுவாக்ஸிடினுக்கும் அதன் துணைப்பொருளுக்கும் அரை ஆயுள் நாள்கணக்கில் இருக்கிறது. துணைப்பொருளுக்கு 4 முதல் 16 நாள்வரை ஆகலாம். ஆகவே அது தானாகவே மெல்ல மெல்ல இறங்குகிறது.

பல வீடுகளில் செய்யும் ஒரு காரியத்தையும் இந்தக் கணக்கால் சோதிக்கலாம். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் பாதியாகக் குறைத்ததுதானே?" என்பார்கள். பராக்ஸிடினை 48 மணிக்கு ஒரு முறை சாப்பிட்டால், அடுத்த மாத்திரைக்கு முன் இரண்டு அரை ஆயுளுக்கு மேல் கடந்துவிடும். மருந்து ஐந்தில் ஒரு பங்காக வடிந்துவிடும். மறுபடி மாத்திரை, மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம்! இது குறைப்பது அல்ல, ஊஞ்சல் ஆட்டுவது. தினமும் சிறிய அளவு எடுப்பதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெரிய அளவு எடுப்பதும் ஒன்றல்ல.

கொட்டகைக்குள் நுழைந்ததுபோல

மருந்து நான்கரை நாளில் போய்விட்டது என்றால் அந்த அம்மாவுக்கு இரண்டு வாரம் கழித்தும் ஏன் உபாதை? நான் தவறிய இடம் இதுதான்.

உச்சி வெயிலில் நடந்து வந்து சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்து பாருங்கள். வெயில் ஒரே நொடியில் போய்விட்டது. ஆனால் கண் உடனே பார்த்துவிடுகிறதா? நாற்காலி எது, ஆள் எது என்று தெரியாமல் தடுமாறுகிறோம். வெளிச்சத்துக்குப் பழகிய கண் இருட்டுக்குப் பழகப் பல நிமிடங்கள் ஆகின்றன. தடுமாற்றத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது வெயில் போன வேகம் அல்ல. கண் பழகும் வேகம்.

மூளையும் அப்படியே. ஆண்டுக்கணக்கில் பம்புகள் அடைபட்டிருக்கும் நிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. மருந்து போய்விட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்ப அதற்குக் காலம் வேண்டும். சிலருக்குச் சில வாரங்கள். சிலருக்குப் பல மாதங்கள்கூட ஆகலாம். இந்த இடைக்காலத்தில் தோன்றும் உபாதைகளை 'விலகல் அறிகுறிகள்' என்கிறோம்.

உடனே "அப்படியானால் இது போதை மருந்தா?" என்று பயந்துவிடாதீர்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர் அதற்காக ஏங்குகிறார். அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார். இங்கே அந்த ஏக்கமும் இல்லை, துரத்தலும் இல்லை. உடல் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பேருந்து இருக்கைக் கணக்கு

இனி நம் புதிருக்கு வருவோம். மருந்து மூலக்கூறுகள் பயணிகள். பம்புகள் பேருந்தின் இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். காலிப் பேருந்தில் முதலில் ஏறும் பத்துப் பேருக்கும் இடம் கிடைக்கும். முக்கால்வாசி நிரம்பிய பேருந்தில் பத்துப் பேர் ஏறினால் சிலருக்கே இடம் கிடைக்கும். நெரிசலில் இன்னும் இருபது பேரை ஏற்றினாலும் உட்கார்ந்திருப்பவர் எண்ணிக்கை அதிகம் கூடாது. இறங்கும்போதும் இதே கதைதான். நெரிசல் பேருந்திலிருந்து பத்துப் பேர் இறங்கினால் நின்றுகொண்டிருப்பவர்கள் அந்த இடங்களில் உட்கார்ந்துவிடுவார்கள். நிரம்பிய இருக்கைகள் அதிகம் குறையா. ஆட்கள் குறைவாக உள்ள பேருந்தில் பத்துப் பேர் இறங்கினாலோ பத்து இருக்கை காலி!

இதை ஒரு சூத்திரமாக எழுதலாம். 5 மில்லிகிராமில் பாதிப் பம்புகளை அடைக்கும் ஒரு கற்பனை மருந்தை எடுத்துக்கொள்வோம். மருந்தளவை, மருந்தளவு கூட்டல் 5 என்ற எண்ணால் வகுத்தால், அடைபட்ட பம்புகளின் பங்கு கிடைக்கும். நூறு பம்புகளுக்குக் கணக்கிட்டால்:

20 மி.கி. – 80 பம்புகள்
15 மி.கி. – 75 பம்புகள்
10 மி.கி. – 67 பம்புகள்
5 மி.கி. – 50 பம்புகள்
0 மி.கி. – 0 பம்புகள்

இப்போது படிகளின் உயரத்தைப் பாருங்கள். முதல் படியில் 5 பம்புகள் விடுபடுகின்றன. இரண்டாம் படியில் 8. மூன்றாம் படியில் 17. கடைசிப் படியில் 50! மாத்திரைப் பெட்டியில் சமமாகத் தெரிந்த படிகள் மூளைக்குள் சமமாக இல்லை. மூன்று படி ஒழுங்காக இறங்கி வந்தவர் நான்காவதில் மாடியிலிருந்து குதித்ததுபோல ஆகிறது.

மூளைக்குச் சமமான படிகள் வேண்டுமானால் சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள். 80, 60, 40, 20, 0 என்று பம்புகள் விடுபட வேண்டும் என்றால், மருந்தளவு 20, 7.5, 3.3, 1.25, 0 மில்லிகிராம் என்று வரும். முதலில் பெரிய தாவல். போகப்போகச் சின்னச் சின்ன அடி. உண்மையான சிகிச்சையில் இந்தப் படிகளையும் இடையிடையே உடைத்து இன்னும் சிறிதாக்குவார்கள். முதல் தாவலையும் ஒரேயடியாகச் செய்வதில்லை. கீழே வர வர மெதுவாக இறங்க வேண்டும் என்பதுதான் வளைகோடு சொல்லும் பாடம்.

வளைகோட்டைக் கண்ணால் பார்த்தார்கள்

"பேருந்துக் கதை சரி, மூளைக்குள் யார் எண்ணிப் பார்த்தார்கள்?" என்று கேட்க வேண்டும். நல்ல விஞ்ஞான மாணவர் அப்படித்தான் கேட்பார்.

எண்ணிப் பார்த்தது இயற்பியல்தான். கார்பன்–11 என்ற கதிரியக்கக் கார்பனுக்கு அரை ஆயுள் 20 நிமிடம். அது சிதையும்போது பாஸிட்ரான் என்ற நேர்மின் துகளை வெளியிடுகிறது. அந்தப் பாஸிட்ரான் அருகிலுள்ள ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் பாய்கின்றன. தலையைச் சுற்றி வளையமாக அமைத்த கருவிகள் அந்த இரட்டைக் கதிர்களைப் பிடித்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிட்டுவிடுகின்றன. இதுதான் பெட் ஸ்கேன்.

ஸெரடோனின் பம்பில் போய் உட்காரும் ஒரு பொருளில் கார்பன்–11ஐச் சேர்த்து மிகச் சிறிதளவு உடலில் செலுத்துவார்கள். பம்புகள் காலியாக இருந்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். மருந்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் மங்கலாகத் தெரியும். எவ்வளவு மங்கல் என்பதைக் கொண்டு எத்தனை பம்புகள் அடைபட்டன என்று சொல்லிவிடலாம். கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த ஜெஃப்ரி மேயர் குழுவினர் ஐந்து மருந்துகளை இவ்வாறு சோதித்து 2004இல் வெளியிட்டனர். வழக்கமான குறைந்தபட்ச சிகிச்சை அளவிலேயே சுமார் 80 விழுக்காடு பம்புகள் அடைபட்டிருந்தன!

இந்த வளைகோட்டை மருந்து குறைப்பதற்கான வழிகாட்டியாகப் பயன்படுத்தலாம் என்று லண்டனில் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019இல் எழுதினார்கள். ஸிடாலோபிராம் மருந்துக்கு அவர்கள் காட்டிய கணக்கில், 60 மில்லிகிராமில் சுமார் 88 விழுக்காடு, 20 மில்லிகிராமில் 80, ஏறத்தாழ 9 மில்லிகிராமில் 70, மூன்றரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவில் 50. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவிலேயே 20 விழுக்காடு! ஹோரோவிட்ஸ் ஒரு மனநல மருத்துவர். அவரே இத்தகைய மருந்தைப் பல ஆண்டுகள் உட்கொண்டவர். அதைக் குறைக்க முயன்றபோது தாம் பட்ட பாட்டை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அதே 2019இல் பிரிட்டனின் மனநல மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி, விலகல் அறிகுறிகள் சிலருக்குக் கடுமையாகவும் நெடுநாளும் இருக்கக்கூடும் என்று ஏற்றுக்கொண்டது. அதுவரை 'லேசானது, ஒரு வாரத்தில் போய்விடும்' என்பதே பொதுவான கருத்து. என் மாணவரிடம் நான் சொன்னதும் அதுதானே!

திரும்பி வந்தது நோயா?

மாத்திரையை நிறுத்தியதும் மனம் கலங்கினால், அது பழைய நோயா, விலகல் அறிகுறியா? இதைப் பிரித்தறிவது மிக முக்கியம். விலகலை நோய் என்று தவறாக எண்ணினால், "ஆயுள் முழுதும் மாத்திரை இல்லாமல் இருக்கவே முடியாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். நோயை விலகல் என்று தவறாக எண்ணினால், தக்க சிகிச்சை இல்லாமல் ஆபத்தில் விட்டுவிடுவோம். மருத்துவர்கள் மூன்று தடயங்களைப் பார்க்கிறார்கள்.

முதலாவது, காலம். விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் குறைத்த சில நாளிலேயே தொடங்கும். நோய் திரும்புவதானால் வழக்கமாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லத் தலைகாட்டும். இரண்டாவது, அறிகுறியின் வகை. தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்னதிர்வுபோன்ற உணர்வு ஆகியவை மனச்சோர்வின் வழக்கமான அடையாளங்கள் அல்ல, விலகலைக் காட்டிக்கொடுப்பவை. மூன்றாவது, மருந்தை மருத்துவர் மறுபடி தொடங்கினால் விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். நோய் தணிவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இந்த மூன்றையும் தெரிந்துகொண்டதும் வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அழுகையும் கலக்கமும் தூக்கமின்மையும் இரண்டிலும் உண்டு. நோயாளியைப் பார்த்து, பேசி, சோதித்து முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

எத்தனை பேருக்கு வரும்?

எல்லாருக்கும் வராது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 79 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியிட்ட கணக்கு சுவையானது. மருந்தை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 31 பேர் ஏதாவது ஓர் உபாதையைச் சொன்னார்கள். ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் நூற்றுக்கு 17 பேர் அப்படிச் சொன்னார்கள்! எதிர்பார்ப்பும் அச்சமும் செய்யும் வேலை அது. ஆகவே மருந்து விலகியதாலேயே வந்த உபாதை ஆறேழு பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டார்கள். கடுமையான உபாதை சுமார் 35 பேருக்கு ஒருவர். இந்த ஆய்வுகளில் பல, மருந்தைச் சில மாதமே சாப்பிட்டவர்களைப் பற்றியவை. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு விகிதம் கூடுதலாக இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு.

நோய் திரும்புமா என்பது தனிக் கேள்வி. பிரிட்டனில் நெடுநாள் மருந்து சாப்பிட்டு, நலமாக இருந்த 478 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2021இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 56 பேருக்குத் திரும்பியது. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. நிறுத்துவதில் ஆபத்து உண்டு. ஆகவே எல்லாரும் நிறுத்த வேண்டியதில்லை. அதே சமயம், நிறுத்தியும் நூற்றுக்கு 44 பேர் அந்த ஓராண்டில் நலமாக இருந்தார்கள். ஆகவே எல்லாரும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியதும் இல்லை. யாருக்கு எது என்பதை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டுதல்.

நல்ல துணை எது?

மாத்திரை எழுதித் தருவது சில நிமிட வேலை. இறக்கிவிடுவது மாதக்கணக்கான வேலை. சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல். அதற்குப் பொறுமையுள்ள மருத்துவர் வேண்டும். முடிந்தவரை மாத்திரையைத் தொடங்கிய மருத்துவரிடமே போவது நல்லது. பழைய விவரம் அவரிடம் இருக்கும். அது முடியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி–மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்ல பழக்கம். இந்த மருந்தை நிறுத்த இது தக்க சமயமா? முதல் படி எவ்வளவு? அடுத்த படிக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்? உபாதை வந்தால் யாரை, எப்படித் தொடர்புகொள்வது? கடைசிச் சிறிய அளவுகளை எப்படி எடுப்பது? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்கவேண்டாம். சில மருந்துகள் திரவமாகக் கிடைக்கின்றன. அளவுகோல் போட்ட ஊசிக்குழலால் சிறிய அளவையும் துல்லியமாக எடுக்கலாம். சில மாத்திரைகளை உடைக்கலாம். மெல்ல மெல்லக் கரையும்படி தயாரித்த மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. எது எந்த வகை என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்காமல் கத்தியை எடுக்காதீர்கள்.

நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். உபாதையைச் சொன்னால் "எல்லாம் உங்கள் கற்பனை" என்று ஒதுக்க மாட்டார். ஒரு படி தாங்கவில்லை என்றால் முந்திய படிக்கு ஏற்றிவிட்டு, காத்திருந்து, பிறகு இன்னும் சிறிய படியாக இறக்குவார். தம் சிகிச்சையைப் பற்றிய விவரத்தை அறியும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிக்குத் தந்திருக்கிறது. ஓரிடத்தில் செவிசாய்க்கவில்லை என்றால் இன்னொரு மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதுவரை மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இத்தகைய மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கலாம். உங்களில் யாராவதுகூடச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. "இன்னுமா மாத்திரை?" என்று கேட்காமல் இருப்பதே முதல் உதவி. அதைப் பற்றித் தெருவில் பேசாமல் இருப்பது இரண்டாவது.

மூன்றாவது உதவி உங்கள் வரைபடத் தாளில் இருக்கிறது. மருத்துவர் துணையோடு மருந்தைக் குறைப்பவர் விரும்பினால், நாள்தோறும் தூக்கம், தலைசுற்றல், மனநிலை ஆகியவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்லிக் குறித்து வையுங்கள். கிடை அச்சில் நாள். செங்குத்து அச்சில் மதிப்பெண். மருந்து குறைத்த நாளில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறிக்குப் பின் ஏறி, பிறகு தானாக இறங்கும் மேடு தெரிந்தால், அது மருத்துவருக்குப் பல நிமிடப் பேச்சைவிட அதிகம் சொல்லும். மேடு இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம் என்பதற்கு அடையாளம். 'வாழ்வே வேண்டாம்' என்பதுபோன்ற பேச்சோ எண்ணமோ எழுந்தால் வரைபடம், கணக்கு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடனே பெரியவர்களிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அது யாருடைய எண்ணமாக இருந்தாலும், உங்களுடையதாகவே இருந்தாலும் சரி.

என் மாணவரின் அம்மா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? முதலில் மாத்திரை கொடுத்த மருத்துவரிடமே திரும்பிப் போனார்கள். அவர் பழைய அளவையே மறுபடி தொடங்கினார். ஒரு வாரத்துக்குள் தலைசுற்றலும் அந்த மின்னதிர்வும் நின்றன. நான்கு மாதம் கழித்து, அம்மாவின் விருப்பப்படி, மெல்ல இறக்கத் தொடங்கினார்கள். சென்ற மாதம் மாணவரைப் பார்த்தபோது, "இப்போது 4 மில்லிகிராமில் நிற்கிறோம் சார். இனிமேல்தான் மெதுவாகப் போகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றார். வரைபடத் தாளையும் காட்டினார். அச்சுகளுக்குப் பெயரும் அலகும் ஒழுங்காக எழுதியிருந்தார்.

நீங்களே செய்து பாருங்கள்: 4 மில்லிகிராமில் பாதிப் பம்புகளை அடைக்கும் ஒரு கற்பனை மருந்து, 16, 8, 4, 2, 1 மில்லிகிராம் அளவுகளில் நூற்றுக்கு எத்தனை பம்புகளை அடைக்கும்? வரைபடமும் வரைக.

(விடை: 80, 67, 50, 33, 20)